ஞாயிற்றுக்கிழமைகளில் வளராத காய்

சத்தியராஜ் தன் வாழ்க்கையில் இரண்டு விஷயங்களை ஆழமாக நம்பினான். கணினி பொய் சொல்லாது என்பது ஒன்று. மனைவி ஜாஸ்மி தன்னைத் திட்டுவதெல்லாம் அன்பினால்தான் என்பது இன்னொன்று. இரண்டாவதை இன்றைக்கும் நம்புகிறான். அதற்கும் கையில் ஆதாரம் ஏதும் கிடையாது.

வளைகுடாவில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குப் பெட்டிகளை எண்ணும் மென்பொருளைக் கட்டி மேய்த்தவன் அவன். பெட்டிகள் தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் வசதி வந்ததும் கம்பெனி அவனைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்தது. ஊருக்கு வந்து சும்மா இருந்தவனுக்கு, தக்கலையில் மலைப்பயிர்க் கணினி முன்கணிப்பு மையத்தில் ஒப்பந்த வேலை ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது மையம். நேர்முகத் தேர்வில் இயக்குநர் முனைவர் குளோரி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காப்பிச் செடியப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்க வீட்டுக்குப் பின்னால நிக்குது மேடம். ஆனா நான் கிட்ட போயிப் பாத்ததில்ல."

"அருமை," என்றார் குளோரி மேடம். "முன்முடிவு இல்லாத மனசுதான் எங்களுக்கு வேணும்."

அவன் சொன்னது சத்தியம். கீரிப்பாறைக்குப் போகிற வழியில், அரசு ரப்பர் தோட்டத்துக்கு இந்தப்பக்கம், ஜாஸ்மிக்கு அவள் அப்பா கொடுத்த ஒரு ஏக்கர் சரிவு உண்டு. அவன் கடல் கடந்து பெட்டி எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், பலாவும் கமுகும் நின்ற அந்த நிழலில் அவள் ரோபஸ்டா காப்பி நட்டாள். இந்த வருடம்தான் கிளை ஒடியும்படி முதல் காய்ப்பு. பழத்தைப் பறித்து, காயவைத்து, தானே வறுத்துப் பொடித்து, குலசேகரம் சந்தையில் விற்பது என்று தீர்மானித்திருந்தாள். 'ஜாஸ்மி காப்பி' என்று பெயர் போட்ட பைகள்கூட அச்சாகி வந்து அலமாரியில் இருந்தன. பெயருக்குப் பக்கத்தில் கோப்பையிலிருந்து ஆவி பறக்கிற படம். பழம் மட்டும் கைக்கு வர வேண்டியது பாக்கி.

மையத்தில் சத்தியராஜின் வேலை, கணினிக்குள் ஒரு காப்பிச் செடியை வளர்ப்பது. மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று எண்களை ஊட்டினால் திரையில் செடி பூக்கும், காய்க்கும். காய் கடுகளவாக இருந்து மிளகளவாகி, பிறகு சுண்டைக்காயளவாகிப் பழுக்கும். எந்த நாளில் எந்தக் கணுவில் எந்தக் காய் எவ்வளவு பருத்திருக்கும் என்று பத்து நொடியில் சொல்லிவிடும். அதை எழுதி முடித்த அன்று, பேறு பார்த்த மருத்துவச்சியின் களைப்போடும் பெருமையோடும் சத்தியராஜ் வீட்டுக்குப் போனான். வெளியே ஒரு ஏக்கர் காப்பி பூத்து மணத்துக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. மூக்கடைப்பு இருந்தது என்று பிறகு ஜாஸ்மியிடம் சொல்லிச் சமாளித்தான்.

இந்தக் கணினிச் செடிக்கு மையத்தில் 'மாதிரி' என்று பெயர். மாதிரிக்கு மழைக்கணக்கு வேண்டுமே. மழைமானி ஒன்று வந்து இறங்கியது. ஒவ்வொரு துளியையும் எண்ணிக் கணினிக்குத் தானே அனுப்பிவிடும் கருவி. அதைத் தோட்டத்தில்தானே வைக்க வேண்டும் என்று சத்தியராஜ் கேட்டான். குளோரி மேடம் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"சத்தியராஜ், அது மையத்துக்க சொத்து. சொத்து மையத்துக்க வளாகத்துலதான் இருக்கணும். கீரிப்பாறையில கொண்டு வச்சுக் களவு போனா, தணிக்கைக்கு வாறவன் மழையப் பத்தியா கேப்பான்? மானியப் பத்திதான் கேப்பான்."

எனவே கீரிப்பாறைக் காப்பிக்கான மழை தக்கலையில் அளக்கப்பட்டது. மாடியின் பின்பக்கம், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடுக்கு அடியில் ஒரு திட்டு இருந்தது. விலை உயர்ந்த கருவி மழையில் நனைந்து கெட்டுப்போகக் கூடாது என்பதால் அங்கே வைத்தார்கள். அந்தத் திட்டை எட்டிப் பார்க்க ஒரே வழி, மேடத்தின் தனிக் கழிப்பறை ஜன்னல். ஒப்பந்த ஊழியன் அந்த ஜன்னலைப் பற்றிக் கனவுகூடக் காணக் கூடாது. அவனும் காணவில்லை. எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, அது போதும் என்றிருந்தான்.

எண்கள் நிஜமாகவே ஒழுங்காக வந்தன. தக்கலையில் தினமும் சாரல். அவன் பேருந்தில் வியர்த்து வழிந்துகொண்டு வருவான். திரையில் சாரல் பெய்துகொண்டிருக்கும். மலையடிவாரம் அல்லவா, சாரல் இருக்கத்தான் செய்யும் என்று ஜன்னலைப் பார்க்காமல் திரையையே பார்த்துச் சொல்லிக்கொண்டான்.

காப்பிச் செடிக்கு ஒரு வழக்கம் உண்டு. கொஞ்சநாள் நன்றாகக் காய வேண்டும், பிறகு ஒரு மழை விழ வேண்டும், அப்போதுதான் மொட்டு விரியும். தோட்டத்துச் செடிகள் வழக்கப்படி கோடையில் காய்ந்து, முதல் மழையில் பூத்து, தம்பாட்டுக்குக் காய் பிடித்தன. மாதிரிச் செடியோ தினசரிச் சாரலில் நின்றுகொண்டு பூக்க மறுத்தது. அந்த நேரம் பார்த்து மையத்தின் நிரந்தர ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அலுவலகம் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. வேலைநிறுத்தம் முடிந்து ஜூன் மாதம் திறந்த மறுவாரம் மாதிரிச் செடி கொல்லென்று பூத்தது. சத்தியராஜ் ஆனந்தக் கண்ணீர் விட்டான். வேலைநிறுத்தத்துக்கும் பூவுக்கும் என்ன உறவு என்று ஒரு கணம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. முன்முடிவு இல்லாத மனம்.

பிறகுதான் அந்த வினோதத்தைக் கண்டுபிடித்தான். மாதிரியில் காய் திங்கள் முதல் சனி வரை பருத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வளரவில்லை. இரண்டாம் சனிக்கிழமைகளிலும் வளரவில்லை. காந்தி ஜெயந்தியன்று சுத்தமாக நின்றுவிட்டது. எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று மூன்று வாரம் நிரலை வரிவரியாகத் துழாவினான். தப்பு கிடைக்கவில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தப்பா? இது கண்டுபிடிப்பு!"

அந்த மாதமே ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு நடந்தது. சத்தியராஜை மேடையில் ஓரமாக உட்காரவைத்து, ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். மேடம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"செடிக்கு உணர்வு உண்டுன்னு நம்ம முன்னோர் சொன்னாவ. செடிக்கு அலுவலக ஒழுங்கும் உண்டுன்னு இன்னைக்கு நம்ம மையம் நிரூபிச்சிருக்கு. காப்பி வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு எடுக்குது. அரசு விடுமுறைய மதிக்குது. தனியார் தோட்டத்துல நிக்குற செடிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஏன்? கண்காணிப்பு இல்ல! நாங்க மாடியில உக்காந்து வேல செய்யுறதால இங்க திரையில காய் வளருது. நாங்க லீவு போட்டா வளராது. எங்க உழைப்புக்கு இதவிட சாட்சி வேணுமா?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சத்தியராஜும் தட்டினான். பொன்னாடை கழுத்தில் அரித்தது, ஆனாலும் அன்று அவனுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. ஒளிப்பானேன்?

அந்தப் பெருமைதான் வீட்டுக்கு வினையாயிற்று. மாதிரி இவ்வளவு சிறப்பாக இருப்பதால் அதைப் பின்பற்ற ஒரு தோட்டம் வேண்டும் என்றார் மேடம். மாதிரி எப்போது பழுத்தது என்று சொல்கிறதோ அப்போதுதான் அங்கே பறிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு காயைத் தொட்டாலும் ஆய்வுக்குக் குந்தகம். யார் தோட்டம் என்ற கேள்வி எழுந்தது. கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. அது தன்னுடைய கைதான் என்பது சத்தியராஜுக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. வீட்டில் போய் ஜாஸ்மியிடம் கையெழுத்து வாங்கினான். "ஒரு ஆராய்ச்சிக்குப் பிள்ளே, நமக்குப் பேரு," என்றான். அவனை நம்பி அவள் போட்டாள்.

மறுநாள் கள அலுவலர் அமீன் ஆட்களோடு வந்து தோட்டத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். தேங்காய்பட்டணத்துக்காரர், நல்ல மனுஷர், நாடா கட்டுவதில் மன்னன்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்குள் தோட்டம் சிவந்துவிட்டது. கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பழம். மையத்துத் திரையில் காய் இன்னும் மிளகளவு, கரும்பச்சை. பழுக்க ஏப்ரல் ஆகும் என்றது மாதிரி.

ஜாஸ்மி நாடாவுக்கு இந்தப்பக்கம் இடுப்பில் கூடையோடு நின்றாள்.

"இஞ்ச பாருங்க அமீனண்ணே. இது என்ன நெறம்?"

அமீன் பழத்தைப் பார்த்தார். கையிலிருந்த மையத்து அட்டையைப் பார்த்தார். "தங்கச்சி, இன்னைக்குத் தேதிக்கு இது பச்ச."

"செவந்து கெடக்குல்லா!"

"கண்ணுக்குச் செவப்புதான். நான் இல்லேங்கல. ஆனா கண்ணு மையத்துக்க உபகரணம் இல்லியே. நான் செவப்புன்னு எழுதினா, எந்தக் கருவிய வச்சுப் பாத்தேன்னு கேப்பாவ."

அவள் சத்தியராஜின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்களுக்க வாயால சொல்லுங்க, இது என்ன நெறம்?"

சத்தியராஜ் பழத்தை நெடுநேரம் பார்த்தான். "ஒரு மாதிரியான நெறம்," என்றான். அன்றிரவு அவனுக்குச் சோறு மட்டும் கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

பழத்தைப் பற்றிய செய்தி மையத்தை எட்டியபோது, மாதிரியில் கோளாறா என்று யாரும் கேட்கவில்லை. அவசரக் கூட்டம் கூடி, செடிகளின் நடத்தையை ஆராய்ந்தது. இயற்கை நீதிப்படி எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். எனவே செடிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. 'நீங்கள் மையத்தின் மாதிரிக்கு முரணாக, முன் அனுமதியின்றிப் பழுத்துள்ளீர்கள். ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தராவிட்டால், சொல்வதற்கு ஏதுமில்லை எனக் கொண்டு முடிவெடுக்கப்படும்.' தட்டச்சு செய்தவன் சத்தியராஜ். 'முரணாக' என்பதில் ரகரம் சரியா என்று அகராதியைக்கூடப் பார்த்தான். அவ்வளவு மனசாட்சி அவனுக்கு.

அமீன் ஒவ்வொரு தூரிலும் ஒரு நகலைக் கட்டினார். பக்கத்துத் தோட்டத்து ஏசுஅடிமை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஜாஸ்மிக்கு உறவில் அண்ணன் முறை. அவருடைய காப்பி கொஞ்சம் மேட்டில் நிற்பது, எப்போதும் கீழ்ச்சரிவைவிட இரண்டு மாதம் பிந்தித்தான் பழுக்கும்.

"மருமோனே, எனக்க பலாவும் ரெண்டு வருசமா காய்க்கல. அதுக்கும் ஒரு நோட்டீசு விட முடியுமா?"

மருமகன் இல்லை, மச்சான்தான். கேலி செய்யும்போது அவர் முறையை மாற்றிக்கொள்வார். சத்தியராஜ் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான்.

ஏழு நாட்கள் கழிந்தன. செடிகள் பதில் அனுப்பவில்லை. கூட்டம் மறுபடி கூடி, செடிகளைத் திருத்தத் தீர்மானித்தது. தோட்டம் முழுக்கப் பச்சை நிழல்வலை போர்த்தினார்கள். வலைக்கு வெளியே நின்று பார்த்தால் பழம் கறுத்த பச்சையாகத் தெரிந்தது. பார்வையிட வந்த குழு வெளியே நின்றபடி படம் எடுத்து, திரையின் படத்தோடு ஒப்பிட்டு, 'செடிகள் நல்வழிக்குத் திரும்பி வருகின்றன' என்று குறித்துக்கொண்டு, ஜாஸ்மி கொடுத்த சுக்குக்காப்பியைக் குடித்துவிட்டுப் போயிற்று. அவள் ஏன் கொடுத்தாள் என்று சத்தியராஜ் கேட்டான். "வீட்டுக்கு வந்தவியள வெறும்வாயோட அனுப்பச் சொல்லுதியளா? நான் என்ன மையமா?" என்றாள்.

ஜனவரியில் பழம் உதிரத் தொடங்கியது. கறுத்துச் சுருங்கி, வலைக்குள்ளேயே தொப்புத்தொப்பென்று விழுந்தது. மரநாய்கள் வலைக்குள் நுழைந்து வந்து தின்றன. அவற்றுக்கு யாரும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. ஜாஸ்மி திட்டுவதை நிறுத்திவிட்டாள். காலையில் எழுந்து நாடா ஓரமாகப் போய் நிற்பாள், பிறகு திரும்பி வந்து பாத்திரம் கழுவுவாள். அலமாரியில் இருந்த பைகளை எடுத்து, சுத்தமான பக்கம் வெளியே தெரிய மடித்து, உப்பும் மிளகும் போட்டுவைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்றுதான் சத்தியராஜுக்கு உறைத்தது. திட்டுகிற பெண்டாட்டியைச் சமாளிக்கலாம், திட்டாத பெண்டாட்டியை என்ன செய்வது?

"இன்னும் பத்து நாளு," என்றாள் ஒருநாள், அவன் முகத்தைப் பாராமல். "அதுக்கு மேல பறிச்சும் ஒண்ணும் இல்ல."

அன்று அவன் அலுவலகம் போனபோது ஊழியர் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. மேடம் கூட்டத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். அலுவலக உதவியாளர் சிலுவை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்துவிட்டு, "சாவி இருக்கு சார். சீக்கிரம் போயிட்டு வாருங்க," என்றார். அப்படித்தான் சத்தியராஜ் இயக்குநரின் தனிக் கழிப்பறைக்குள் நுழைந்தான். அப்படித்தான் அந்த ஜன்னலைத் திறந்தான்.

சன்ஷேடுக்கு அடியில் மழைமானி நனையாமல் பத்திரமாக இருந்தது. அதன் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு குழாய் நீண்டிருந்தது. கணினி அறையின் ஏசி குழாய். சொட்டு, திட்டில் விழுந்து தெறித்து, மானியின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. சொட்டு. சொட்டு. வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

காலையில் ஏசி போடுவார்கள், சாரல் தொடங்கும். மாலையில் அணைப்பார்கள், மழை வெறிக்கும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இல்லை. வேலைநிறுத்தத்தில் ஏசியும் இல்லை. சத்தியராஜ் கழிப்பறைச் சுவரில் சாய்ந்து நின்றான். கருத்தரங்கில் போர்த்திய பொன்னாடை நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் அரித்தது. இத்தனை மாதமாக ஒரு ஏசி எந்திரத்தின் தாகத்தையும் ஓய்வையும்தான் அவன் காப்பியின் வளர்ச்சி என்று எழுதியிருக்கிறான். ஜாஸ்மியின் பழம் அங்கே உதிர்வதும் இந்தச் சொட்டினால்தான்.

வீரனாக இருந்தால் நேரே போய் உண்மையைச் சொல்லியிருப்பான். கதாநாயகனாக இருந்தால் நாடாவை அறுத்தெறிந்திருப்பான். சத்தியராஜ் தன் இருக்கைக்குப் போய், மூன்று தரம் தண்ணீர் குடித்து, யோசித்து, தன்னால் முடிந்த ஒரே புரட்சியைச் செய்தான். 'கணினி அறை ஏசியைச் சர்வீசுக்கு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தான். அரசு அலுவலகத்திலிருந்து சர்வீசுக்குப் போன ஏசி அவ்வளவு எளிதில் திரும்பி வராது. இது அவனுக்குத் தெரிந்த ஒரே இயற்கை விதி. சாயங்காலம் திரும்பி வந்த மேடம் அதை ஒரு கணம் படித்தார், அவனை ஒரு கணம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மறுநாள் கோட்டாற்றிலிருந்து மெக்கானிக் வந்து எந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோனான்.

தக்கலையில் வறட்சி தொடங்கியது. திரையில் மண் வெளுத்தது, இலை சுருண்டது. மிளகளவு நின்ற காய்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. வேண்டுமென்றே செய்ததுதான், ஆனாலும் தான் பெற்ற பிள்ளை என்பதால் சத்தியராஜ் ஒருதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் மாதிரி தீர்ப்பைச் சொல்லிவிட்டது: காய்கள் பூஜ்யம்.

மையம் அதை இழவாகவே கொண்டாடியது. மாதிரித் தோட்டத்தில் பயிர் முற்றாக அழிந்துவிட்டதாக அறிக்கை போயிற்று. அழிந்த பயிருக்குக் காவல் எதற்கு? அமீன் வந்து நாடாவைச் சுருட்டினார், வலையை மடித்தார், தூரில் கட்டிய நோட்டீஸ்களை அவிழ்த்தார். சிவந்த கொத்துகளுக்கு நடுவே நின்று தொப்பியைக் கழற்றி, "வருத்தமா இருக்கு தங்கச்சி. ஒரு காய்கூட மிஞ்சலியே," என்றார். அவர் முகத்தில் ஒரு தசை ஆடவில்லை.

"ஆமாண்ணே," என்றாள் ஜாஸ்மி. "போயிட்டு வாங்க."

அவர் ஜீப் வளைவு திரும்பும்முன் அவள் கூடையோடு சாடி இறங்கினாள். ஏசுஅடிமையும் அவர் பெண்சாதியும் வந்தார்கள், சத்தியராஜும் விடுப்புப் போட்டுவிட்டுப் பறித்தான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் காப்பிப்பழத்தைத் தொட்டான். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தான். இனித்தது. இரண்டு நாளில் தோட்டம் துடைத்துவிட்டதுபோல ஆயிற்று. உதிர்ந்தது போக முக்கால் பங்கு தேறியது. முற்றத்தில் பழம் காய்ந்தது. ஜாஸ்மி உப்பையும் மிளகையும் டப்பாவில் கொட்டிவிட்டு, பைகளை நல்ல பக்கமாகத் திருப்பி மடித்தாள். அன்று ராத்திரி அவனை வாயாரத் திட்டினாள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இது நல்ல கதையாக இருந்திருக்கும். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆணையர் ஒருவர் நேரில் வந்தார். மாதிரி சொன்னது சரியா என்று நிலத்தில் சரிபார்க்கும் குழுவோடு வந்தார். குழு தோட்டத்துக்குள் இறங்கி, கிளை கிளையாகத் தேடியது. ஒரு காய் கிடையாது. ஆணையர் ஒரு வெறுங்கிளையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நான் எத்தனையோ மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றாவது நிலத்தோடு ஒத்துப்போனதில்லை. இங்கே கணினியும் பூஜ்யம், தோட்டமும் பூஜ்யம். நூற்றுக்கு நூறு! விவசாயியை இவ்வளவு துல்லியமாக அழிவுக்கு அழைத்துப்போன திட்டத்தை என் அனுபவத்தில் கண்டதில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டு முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த பழத்தைச் சுற்றிக்கொண்டு குழு வண்டிக்குப் போயிற்று. அழகாக இருக்கிறது, என்ன தானியம் என்று ஆணையர் கேட்டார். அமீன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

திட்டம் மலைத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கப்படும் என்று ஆணை வந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் நாடா. முதல் தோட்டம் ஏசுஅடிமையுடையது. அவர் மேட்டில் இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.

அன்று ராத்திரி ஜாஸ்மி ஒன்றுதான் சொன்னாள். "நமக்குப் பறிச்சுத் தந்த மனுசன். நாளைக்குப் போய் உள்ளதச் சொல்லிருங்க. வேல போனா போட்டு. நான் காப்பி வித்துச் சோறு போடுதேன்."

அவன் போனான். வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனான். மேடத்தின் அறைக்குள் நுழைந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். அது மழை இல்லை, ஏசித் தண்ணீர். செடி ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கவில்லை, ஏசிதான் எடுத்தது. தோட்டத்தில் பழம் இருந்தது, என் பெண்சாதி பறித்தாள். ஏசியைச் சர்வீசுக்கு அனுப்பியதும் நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஏசுஅடிமை தோட்டத்தில் நாடா கட்டாதீர்கள்.

குளோரி மேடம் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "இரிங்க," என்றார்.

அவன் உட்கார்ந்தான்.

"அது ஏசித் தண்ணின்னு எனக்குத் தெரியாதா? எனக்க பாத்ரூம் ஜன்னல்ல தினமும் பாக்கேன். சிலுவைக்குத் தெரியும். அமீனுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆளு நீங்கதான். அதனாலதான மாதிரி அவ்வளவு நல்லா வந்தது! தெரிஞ்சவன் எழுதியிருந்தா கை நடுங்கியிருக்கும். நேர்முகத்துல உங்களப் பாத்த உடனே முடிவு பண்ணினேன், இந்த மூஞ்சி ஒருநாளும் ஜன்னலத் தொறக்காதுன்னு."

சத்தியராஜ் அந்தக் கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா ஏசியச் சர்வீசுக்கு எழுதிக் கொடுத்தியளே, அன்னைக்கு அசந்துட்டேன். பையன் தேறிட்டான்னு நெனச்சேன். மழைய நிறுத்தவும் தெரியணும், நிறுத்தினது யாருன்னு தெரியாம இருக்கவும் தெரியணும். இது ரெண்டும் ஒப்பந்தக்காரனுக்கு வராது." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "ஆணையர் கையெழுத்துப் போட்டுட்டார். இன்னைக்கு முதல் நீங்க நிரந்தரம். வாழ்த்துகள்."

"மேடம், ஏசுஅடிமை தோட்டம்..."

"திங்கட்கிழமை நாடா. அதுல மாற்றம் இல்ல. புது ஏசி வருது, ரெண்டு டன்னு. இந்த வருசம் நல்ல மழ."

அவன் உறையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கை அதைச் சட்டைப்பையில் வைத்தது. அன்று கூட்டத்தில் தானாக உயர்ந்த அதே கைதான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜாஸ்மி வாசலுக்கு வந்தாள்.

"சொன்னியளா?"

"சொன்னேன். ஒண்ணுவிடாம சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

சத்தியராஜ் உறையை நீட்டினான். "பெர்மனன்ட் ஆக்கிட்டாவ."

அவள் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. அவன் முகத்தைப் படித்தாள், அதில் எழுத்து கொஞ்சம்தான், சீக்கிரம் முடிந்துவிட்டது. "அண்ணனுக்க தோட்டம்?"

"திங்கட்கிழம."

இன்று வியாழன். ஜாஸ்மி உள்ளே போய் இரண்டு கூடைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். வேலி ஓரம் போய், "அண்ணே, மைனியக் கூப்பிடும்! செவந்தது மட்டும் இன்னைக்கே இறக்குவோம்!" என்று கத்தினாள்.

சத்தியராஜ் அவசரமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். "நானும் வாறேன் பிள்ளே. ஒரு கூடைய இங்க தா."

அவள் வேலிக் கடவில் நின்று திரும்பினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீங்க வேண்டாம். நீங்க இப்பம் அவிய ஆளு."

கூடை இரண்டையும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேடேறிப் போனாள்.